இரண்டரை மணி பின்னால்

1990 அக்டோபர் தொடக்கத்தில் ஒரு விடியற்காலை அத்தான் திருவனந்தபுரம் தம்பானூர் ரயில் நிலையத்தில் வந்து இறங்கியபோது கையில் பெட்டி இல்லை. ஒரு பிளாஸ்டிக் பை. அதற்குள் பம்பாயில் யாரோ கொடுத்த சட்டை ஒன்று, பாதி தீர்ந்த பிஸ்கட் பொட்டலம் ஒன்று. இடது மணிக்கட்டில் கறுப்பாக ஒரு வாட்ச். குவைத்தில் ஆறு வருஷம் வேலை பார்த்தவர் ஊருக்குக் கொண்டுவந்தது அவ்வளவுதான்.

கல்ஃபிலிருந்து ஒருவர் வருகிறார் என்றால் அது எப்படி இருக்க வேண்டும் என்பதற்கு எங்கள் கரமனைத் தெருவில் ஓர் இலக்கணம் உண்டு. கயிறு கட்டி, நாலு பக்கமும் பேரும் விலாசமும் மார்க்கரில் எழுதிய அட்டைப்பெட்டி. டைகர் பாம், டாங் பொடி, யார்ட்லி பவுடர். பக்கத்து வீட்டுப் பிள்ளைகளுக்கு ஆளுக்கொரு பேனா. வாசனை முதலில் வீட்டுக்குள் நுழையும், ஆள் பின்னால் வருவார். அன்று அத்தான்மேல் மூன்று நாள் வேர்வை மட்டும்தான் இருந்தது. அக்கா அவரைப் பார்த்துச் சிரித்தாள். பிறகு அடுக்களைக்குப் போனவள் வெகுநேரம் வெளியே வரவில்லை.

ஆகஸ்ட் 2-ஆம் தேதி ஈராக் படை குவைத்துக்குள் புகுந்தது. அதன் பிறகு இரண்டு மாதம் எங்களுக்குக் கடிதமும் இல்லை, போனும் இல்லை. பத்திரிகையில் வந்த செய்தி மட்டும். பஸ்ஸில் பாஸ்ரா, பாக்தாத் வழியாக ஜோர்டான் எல்லை, அங்கே கூடாரத்தில் வரிசை, அம்மானிலிருந்து விமானம். 59 நாளில் ஏர் இந்தியா 488 விமானங்களை ஓட்டி ஒரு லட்சத்துக்கும் மேற்பட்டவர்களைப் பம்பாய்க்குக் கொண்டுவந்து சேர்த்தது என்று பிற்பாடு கணக்குச் சொன்னார்கள். அந்த லட்சத்தில் ஒருவர் எங்கள் திண்ணையில் உட்கார்ந்து காப்பி குடித்துக்கொண்டிருந்தார்.

எனக்குப் பதினைந்து வயது. அத்தான் பட்ட பாடு எனக்கு எங்கே புரியப் போகிறது? என் கண் வாட்சில்தான். உள்ளே சுவர்க் கடிகாரம் எட்டு அடித்தது. அவர் கையில் 5:30.

"அத்தான், வாட்ச் ஓடலியா?"

"ஓடுது மக்களே. அங்க உள்ள மணி அது."

குவைத் நமக்கு இரண்டரை மணி நேரம் பின்னால். அதை மாற்றச் சொல்லி அக்கா அன்றைக்கே சொன்னாள், அம்மாவும் சொன்னாள். மாற்றவில்லை. நாலு மாதச் சம்பளம் அங்கே பாக்கி. வங்கியில் போட்ட பணம் அங்கே. கூட ஒரே அறையில் இருந்த இரண்டு பேர் எந்த பஸ்ஸில் ஏறினார்கள், ஏறினார்களா என்று தெரியவில்லை. சாயங்காலம் சும்மா உட்கார்ந்திருப்பார், திடீரென்று மணிக்கட்டைத் திருப்பிப் பார்ப்பார். "இப்ப மதியச் சாப்பாட்டுக்குக் கடை அடைக்கிற நேரம்" என்பார், யாரிடம் என்றில்லாமல்.

அந்த வாட்ச், காசியோ எஃப்-91டபிள்யூ. அப்போது மாடல் பெயர் யாருக்குத் தெரியும்? 'கல்ஃப் காசியோ' என்போம். எண்கோணமாகச் செதுக்கிய கறுப்பு முகம், கண்ணாடியைச் சுற்றி மெல்லிய நீலக் கோடு, மூன்று பொத்தான். 1989-இல் சந்தைக்கு வந்தது, அத்தான் அதே வருஷக் கடைசியில் வாங்கியிருக்கிறார். வரைந்தவர் பெயர் ரியூசுகே மொரியாய் என்பதும், காசியோவில் அவர் வரைந்த முதல் வாட்ச் அதுதான் என்பதும் நான் முப்பது வருஷம் கழித்துப் படித்தது. அன்று நான் கண்டது வேறு. அதைக் கழற்றி மேஜையில் வைத்தால் சத்தமே வரவில்லை.

இது ஏன் பெரிய விஷயம் என்றால், எங்கள் வீட்டில் வாட்ச் என்றால் அப்பாவின் எச்.எம்.டி. ஜனதா. சாலைக் கம்போளத்தில் பருப்பு மொத்தக் கடையில் அப்பா கணக்குப்பிள்ளை. கல்யாணத்துக்குப் பெண் வீட்டார் போட்ட வாட்ச் அது. தினமும் காலையில் பல் தேய்த்த கையோடு, காப்பிக்கு முன்னால், கண்ணை மூடிக்கொண்டு சாவி கொடுப்பார். அதிகம் முறுக்கினால் ஸ்பிரிங் போய்விடும், குறைத்தால் ராத்திரியில் நின்றுவிடும். தண்ணீர் படக் கூடாது, கீழே போடக் கூடாது, பிள்ளைகள் தொடக் கூடாது. கழற்றி வைக்கும்போது ஒரு கைக்குட்டையை மடித்து அதன்மேல் வைப்பார். அப்பா நேரம் பார்ப்பதற்காக அதைக் கட்டிக்கொண்டார் என்பதைவிட, அதைப் பார்த்துக்கொள்வதற்காக அவரை அது கட்டிப்போட்டிருந்தது என்பதே சரி. அத்தானோ கிணற்றடியில் அந்தக் காசியோவோடேயே குளித்தார், அதோடேயே தூங்கினார். கண்ணாடியில் ஒரு கீறல் விழுந்தபோது கட்டைவிரலால் தடவிப் பார்த்துவிட்டுப் பேச்சைத் தொடர்ந்தார். ஒரு வாட்சை இப்படியும் வைத்துக்கொள்ளலாமா என்று இருந்தது எனக்கு.

1991 பிப்ரவரி கடைசியில் குவைத் விடுபட்ட செய்தி வந்தது. அடுத்த மாதம் எனக்கு எஸ்.எஸ்.எல்.சி. பரீட்சை. ஒரு காலை அத்தான் என்னைக் கூப்பிட்டு, வாட்சைக் கழற்றி, ரேடியோ பக்கத்தில் உட்காரச் சொன்னார்.

"இனி அங்க உள்ள மணிய அங்க உள்ளவன் பாத்துக்கிடுவான். உனக்குப் பரீட்சைக்கு வேணும்லா."

இடது கீழ்ப் பொத்தானை மூன்று முறை அமுக்கினார். செகண்ட் எண்கள் துடிக்க ஆரம்பித்தன. மேல் பொத்தானை ஒரு தடவை தட்டினால் மணிக்குத் தாவும், இன்னொரு தடவை தட்டினால் நிமிஷத்துக்கு. வலது பொத்தானால் எண்ணை ஏற்ற வேண்டும். ஏற்றத்தான் முடியும், இறக்க முடியாது. ஒன்று தாண்டிவிட்டால் முழுச் சுற்றும் சுற்றித்தான் வரவேண்டும். அவர் விரல் பெரிது, பொத்தான் அரிசி போல. மணியை இரண்டு ஏற்றி, நிமிஷத்தை முப்பது தடவை தட்டியதை நான் மனசுக்குள் எண்ணினேன். பிறகு சுற்றிக்கொண்டு செகண்டுக்கே வந்து காத்திருந்தார். செய்திக்கு முன்னால் ஆகாசவாணியில் வரிசையாக பீப், பீப் என்று வந்து, கடைசி பீப்பில் வலது பொத்தானை அமுக்கினார். செகண்ட் 00. ஐந்து மாதமாக எங்கள் வீட்டுக்குள் ஓடிக்கொண்டிருந்த குவைத் அதோடு போயிற்று.

பரீட்சை ஹாலில் மேற்பார்வைக்கு வந்த டீச்சர் முதல் நாளே என் கையைப் பிடித்துவிட்டார். "இது எந்தா, கால்குலேட்டரோ?" காசியோ கால்குலேட்டர் வாட்ச் அந்தச் சமயம் ஊரில் பேச்சாகியிருந்தது, அவரைக் குறை சொல்ல முடியாது. இல்லை என்று நான் சொன்னதை நம்பாமல் கழற்றித் தன் மேஜைமேல் வைத்துக்கொண்டார். மணிக்கொரு தரம் ஒலிக்கும் சைம் போட்டுவைத்திருந்ததை நான் மறந்தே போனேன். சரியாகப் பதினொன்றுக்கு மேஜையிலிருந்து 'பீப்-பீப்' என்று வந்தது. நாற்பது தலை நிமிர்ந்தது. டீச்சர் திடுக்கிட்டு, வாட்சைப் பார்த்து, பிறகு எங்களைப் பார்த்து, "பதினொண்ணு" என்று அறிவித்தார். அன்று முதல் பரீட்சை முடியும்வரை அந்த ஹாலுக்கு அதுதான் மணி. கடைசி நாள் திருப்பிக் கொடுக்கும்போது "நல்ல வாச்சாணு" என்றார். 600-க்கு நான் வாங்கிய மார்க்கைப் பற்றி இங்கே எழுதப் போவதில்லை.

இந்த ஊரில் நேரம் என்பது ரொம்ப நாள் தனி மனிதன் கையில் இருந்ததில்லை. கிழக்கேகோட்டைக்குள் பத்மதீர்த்தக் குளத்துக்கு எதிரே கருவேலப்புர மாளிகை முகப்பில் மேத்தன் மணி என்ற கடிகாரம் இருக்கிறது. தாடி வைத்த ஒரு முகம். மணி அடிக்கும்போதெல்லாம் வாயைத் திறக்கும், இரண்டு பக்கமும் இரண்டு ஆட்டுக்கடா பாய்ந்து வந்து கன்னத்தில் முட்டும். சுவாதித் திருநாள் காலத்தது, குளத்தூக்காரன் என்ற உள்ளூர்க் கைவினைஞர் செய்தது என்று சொல்வார்கள். வருஷத்தில் இரண்டு நாள், பங்குனி உற்சவ ஆறாட்டுக்கும் ஐப்பசி உற்சவ ஆறாட்டுக்கும், சங்குமுகம் கடற்கரைக்குப் போகும் பத்மநாபசுவாமி ஊர்வலம் விமான ஓடுபாதையைக் கடந்து போகவேண்டும் என்பதால் விமான நிலையத்தையே சில மணி நேரம் மூடிவிடுவார்கள். சாமி போய்த் திரும்பி வரும்வரை கல்ஃப் விமானமெல்லாம் காத்திருக்கும். இப்படிப்பட்ட ஊரில் நூறில் ஒரு பங்கு செகண்டைக் காட்டும் ஸ்டாப்வாட்சைக் கட்டிக்கொண்டு திரிந்தவன் எப்படி இருந்திருப்பான் என்று நினைத்துப் பாருங்கள். மேத்தன் மணியின் கீழே நின்று ஆட்டுக்கடா முட்டுவதற்கும் என் பீப்புக்கும் எத்தனை செகண்ட் வித்தியாசம் என்று அளந்து, நண்பர்களோடு பந்தயம் கட்டியிருக்கிறேன். தோற்றவன் பழவங்காடியில் சர்பத் வாங்கித் தரவேண்டும். மணி தப்பா வாட்ச் தப்பா என்ற சந்தேகம் எங்கள் யாருக்கும் வந்ததில்லை. வாட்ச் ஜப்பான் அல்லவா!

ஆனால் அதற்கும் தெரியாத ஒன்று இருந்தது. வருஷம். 1992 பிப்ரவரி 29 சனிக்கிழமை. என் வாட்ச் அன்று 'எஸ்ஏ 1' என்றது. கிழமை சரி, தேதி ஒரு நாள் முந்திவிட்டது. அதன் சில்லுக்குள் வருஷத்துக்கே இடமில்லை, ஆகவே பிப்ரவரி என்றால் என்றைக்கும் 28 நாள்தான். நாலு வருஷத்துக்கு ஒரு தடவை நாம்தான் கைகொடுத்துத் தேதியைப் பின்னுக்கு இழுக்கவேண்டும். இதைக் கண்டுபிடித்தபோது எனக்கு ஏமாற்றமாக இல்லை. இவ்வளவு துல்லியமான ஒரு சாதனம் என்னை நம்பியும் இருக்கிறதே என்று சின்னதாக ஒரு கர்வம்.

அந்த வருஷமே அத்தான் மறுபடி குவைத் போனார். வாட்சைக் கழற்றி நீட்டினேன். "நீ வச்சுக்க. அங்க போயி ஒண்ணு வாங்கிக்கிடுதேன்." இரண்டு வருஷம் கழித்து வந்தபோது கயிறு கட்டிய பெட்டி வந்தது, வாசனை வந்தது, மணிக்கட்டில் தங்க நிறத்தில் சங்கிலி வாட்ச் வந்தது. கனமோ கனம். சங்கிலி இடுக்கில் கைமயிர் மாட்டி அவ்வப்போது முகம் சுளிப்பார். கல்யாண வீடுகளில் பந்தியில் உட்காரும்போது அந்தக் கையைச் சற்று முன்னால் நீட்டி வைத்துக்கொள்வார். அவரைச் சொல்லிக் குற்றமில்லை. பிளாஸ்டிக் பையோடு வந்திறங்கிய ஆளை ஊர் மறக்கவேண்டும் என்றால் அத்தனை கனம் தேவைப்பட்டிருக்கும்.

பேட்டரி ஏழு வருஷம் வரும் என்பது கம்பெனிக் கணக்கு. எனக்கு எட்டு வருஷத்துக்கு மேல் வந்தது. 1998-இல் எண்கள் மங்கியபோது ஒரு ரிப்பேர்க் கடைக்குக் கொண்டுபோனேன். எந்தக் கடை என்பது வேண்டாம். பின்மூடியில் நாலு திருகாணி. கழற்றினார், பழைய சிஆர்2016 பேட்டரியை நெம்பி எடுத்தார், புதியதைப் போட்டார், தகட்டில் 'ஏசி' என்று பொறித்திருந்த புள்ளியையும் பேட்டரியையும் சாமணத்தால் ஒருசேரத் தொட்டார், எண்கள் பளிச்சென்று எழுந்தன. எல்லாம் சரி. வீட்டுக்கு வந்து பொத்தானை அமுக்கினால் சத்தம் இல்லை. மறுநாள் போய்க் கேட்டதற்கு, "இந்தக் காசுக்கு மணி தெரியுது இல்லியா, அது போதாதா?" என்றார். இயந்திரத்தின் ஒரு பொந்துக்குள் கொசுவின் கால் அளவுக்கு ஒரு ஸ்பிரிங் நிற்கும், பின்மூடியில் ஒட்டியிருக்கும் ஒலித்தகட்டுக்கு மின்சாரத்தைக் கொண்டுபோவது அதுதான் என்பதும், மூடியைத் தூக்கும்போது அது துள்ளிப் போய்விடும் என்பதும் எனக்கு வெகுகாலம் கழித்துத்தான் தெரியவந்தது. அவர் கடைத் தரையில் எங்கோ கிடந்திருக்கும் என் 'பீப்-பீப்'. அன்று முதல் அது ஊமை வாட்ச். ஊமையாகவே இன்றும் ஓடுகிறது, பட்டை மட்டும் மூன்று மாற்றியிருக்கிறேன்.

நடுவில் நானும் வேறு வாட்ச் கட்டாமல் இல்லை. வங்கியில் வேலை கிடைத்ததும் டைட்டன் வாங்கினேன், முள் வைத்தது, கௌரவமானது. ஆனால் லெட்ஜரில் எழுதுகிறவனுக்குத் தெரியும், மேஜையில் மணிக்கட்டு படிய வேண்டும். தடித்த வாட்ச் என்றால் கையைத் தூக்கியே வைத்துக்கொண்டு எழுதவேண்டும், அல்லது மேஜை கண்ணாடியைக் கீறிக்கொண்டே இருக்கவேண்டும். முழுக்கைச் சட்டையின் பொத்தான் பூட்டாது. மகள் கைக்குழந்தையாக இருந்தபோது என் இடது கையில் தலைவைத்துத் தூங்குவாள். டைட்டன் கட்டியிருந்தால் கன்னத்தில் வட்டமாகத் தழும்பு விழும். மறுபடி காசியோவுக்கே வந்தேன். எட்டரை மில்லிமீட்டர் தடிமன், 21 கிராம் எடை. பழைய கனத்த ஐந்து ரூபாய் நாணயம் ஒன்று ஒன்பது கிராம் இருக்கும். அதில் இரண்டைச் சேர்த்தாலும் இந்த வாட்ச் ஒரு நூல் கூடத்தான். இருக்கிறதே தெரியாது. நடுராத்திரியில் விளக்கைப் போட்டால் இடப்பக்க ஓரத்திலிருந்து மட்டும் பச்சையாக ஒரு வெளிச்சம் கசியும், மணி தெரியும், செகண்ட் இருட்டில் கிடக்கும். குழந்தைக்கு மருந்து கொடுக்க அது போதும்.

எண் வாட்ச் பிறந்தபோது பணக்காரச் சரக்கு என்று இன்று சொன்னால் யாரும் நம்புவதில்லை. 1972-இல் அமெரிக்காவில் ஹாமில்டன் கம்பெனி விற்ற பல்சர், தங்கக் கூடு, விலை 2,100 டாலர். சிவப்பு எண் பொத்தானை அமுக்கினால்தான் தெரியும், அப்படிக் கரண்டைக் குடித்தது. அடுத்த வருஷம் ஜேம்ஸ் பாண்டாக வந்த ரோஜர் மூர் கையில் ஒரு பல்சர் இருந்தது. 1974-இல் கால்குலேட்டர் கம்பெனியான காசியோ தன் முதல் வாட்சைக் கொண்டுவந்தது. 1976-இல் டெக்சாஸ் இன்ஸ்ட்ரூமென்ட்ஸ் எண் வாட்சை 20 டாலருக்கு இறக்கிவிட்டது. நாலே வருஷத்தில் தங்கத்திலிருந்து பிளாஸ்டிக். எங்கள் ஊரில் அது பீமாபள்ளிக் கடைகளில் கொத்தாகத் தொங்கும், கிலோ என்ன விலை என்று கேட்டுக் கிண்டல் பண்ணுவார்கள். பணக்காரன் கைவிட்ட பிறகுதான் அந்த வாட்ச் உருப்பட்டது என்பது என் அபிப்பிராயம். யாருக்கும் எதையும் காட்டவேண்டிய வேலை போனபின் மணியை மட்டும் காட்டினால் போதுமென்று ஆகிவிட்டது. இந்த எஃப்-91டபிள்யூவுக்கு வேறு ஒரு கெட்ட பெயரும் உண்டு. குவாண்டனாமோ சிறைக் கைதிகள்மேல் அமெரிக்க ராணுவம் எழுதிய குறிப்புகளில் இதைக் கட்டியிருந்ததே சந்தேகத்துக்கு ஓர் அடையாளமாகச் சேர்த்திருந்தார்கள். உலகம் முழுக்க மேஸ்திரியும் டிரைவரும் பள்ளிப் பையனும் கட்டிய வாட்ச். அதைப் படித்த அன்று என் கையை ஒருமுறை பார்த்துக்கொண்டேன்.

என் மகள் இப்போது டெக்னோபார்க்கில் வேலை பார்க்கிறாள். அவள் அறையில் எல்லார் கையிலும் நாடித்துடிப்பை எண்ணும் திரை வாட்ச். இவளும் ஒன்று வைத்திருந்தாள். தினம் ராத்திரி அதற்குச் சார்ஜ் போடவேண்டும். அப்பா ஜனதாவுக்குச் சாவி கொடுத்ததற்கும் இதற்கும் என்ன வித்தியாசம் என்று எனக்குத் தெரியவில்லை. போன வருஷம் அதைக் கழற்றிவிட்டு வெள்ளிநிறச் சங்கிலி போட்ட ஒல்லிக் காசியோ ஒன்றை வாங்கிக் கட்டிக்கொண்டு வந்தாள்.

"இது வின்டேஜ் அப்பா. இப்ப எல்லாரும் இதுதான்."

நான் உயிரோடு இருக்கும்போதே என் பத்தாம் வகுப்பு வின்டேஜ் ஆகிவிட்டது. "ஏன் வாங்கினே?" என்று கேட்டேன். "இது என்கிட்ட ஒண்ணும் கேக்கல" என்றாள். எத்தனை அடி நடந்தாய், ஏன் தூங்கவில்லை, எழுந்து நில் என்று எதுவும் கேட்பதில்லை. அத்தான் கிணற்றடியில் அதோடு குளித்ததை அவளுக்குச் சொன்னேன்.

அவள்தான் சொன்னாள், மாமாவுக்கும் ஒன்று வாங்கலாமே என்று. அத்தானுக்கு இப்போது அறுபத்தெட்டு. குவைத்தை விட்டு வந்தே பதினைந்து வருஷத்துக்கு மேலாயிற்று. தங்கநிற வாட்ச் அலமாரியில் எங்கோ, நின்று போய். சர்க்கரை உண்டு, ஒரு கண்ணில் புரை எடுத்தாகிவிட்டது, இன்னொன்று பாக்கி. ஆயிரத்துச் சொச்சத்துக்கு அதே எஃப்-91டபிள்யூ இன்னும் கடையில் கிடைக்கிறது, அதே நீலக் கோடு, அதே மூன்று பொத்தான். வாங்கிக்கொண்டு போனேன்.

கையில் வாங்கியதும் முதல் வேலையாக வலது பொத்தானை அமுக்கிப் பிடித்துக்கொண்டார். மூன்று செகண்டில் திரையில் எண்களெல்லாம் போய், அதே கோடுகள் ஒன்றுகூடி 'காசியோ' என்று ஆங்கிலத்தில் எழுந்தது. 'எஸ்' என்பது 5, 'ஐ' என்பது 1. போலி வாட்சில் பெரும்பாலும் இது வராது. கல்ஃப்காரர்களின் பரிசோதனை.

"ஒரிஜினல்தான்" என்றார். "எவ்வளவு குடுத்தே?"

சொன்னேன். உதட்டைப் பிதுக்கினார். கையில் கட்டி, மணிக்கட்டை இப்படியும் அப்படியும் திருப்பினார். பெட்டியிலிருந்து எடுத்தபோதே அது எந்த ஊர் மணியையோ காட்டிக்கொண்டு ஓடியது. "நானே வச்சுக்கிடுதேன்" என்று இடது கீழ்ப் பொத்தானை மூன்று முறை தட்டினார். விரலுக்கு நினைவிருந்தது. ஆனால் துடிக்கிற எண் கண்ணுக்குப் பிடிபடவில்லை. வாட்சை மூக்கருகே கொண்டுபோனார், தூரத் தள்ளினார், ஜன்னல் பக்கம் சாய்த்தார். கழற்றி என்னிடம் நீட்டினார்.

"எந்த ஊரு மணி வைக்கணும் அத்தான்?" என்றேன், விளையாட்டாக.

அக்கா அடுக்களை வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தாள்.

"இந்தியா மணியே வையி" என்றார். "சர்க்கரை மாத்திரை எட்டு மணிக்கு. மறந்து போவுது. அலாரமும் போட்டுரு."

மணியை ஏற்றினேன், நிமிஷத்தை ஏற்றி ஒரு நிமிஷம் முந்தி வைத்தேன், மாதம், தேதி, கிழமை என்று சுற்றிக்கொண்டு செகண்டுக்கு வந்து நின்றேன். ரேடியோ இல்லை. போனை எடுத்து மேஜைமேல் வைத்தேன். ஐம்பத்தேழு. ஐம்பத்தெட்டு. அத்தான் தலையைக் குனிந்து போனைப் பார்த்துக்கொண்டிருந்தார். ஐம்பத்தொன்பது.

"இப்ப" என்றார்.